உப்பளத்தில் வெள்ளை மொத்தமும் வெளுத்துவிட்டது: எஃப்எக்ஸ்3, எஸ்-லாக்3 எக்ஸ்போஷரில் உதவி வேண்டும்

உப்புக்காற்று எழுதியது:

வணக்கம். எனக்குச் சாயல்குடிப் பக்கம். எட்டு வருடமாகக் கல்யாண வீடியோதான் தொழில். போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு சோனி எஃப்எக்ஸ்3 கேமரா வாங்கினேன். இப்போதுதான் முதல் தடவையாக எனக்கென்று ஒரு படம் எடுக்கிறேன். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாரும் பெண்களைப் பற்றி இருபது நிமிட ஆவணப்படம். என் அத்தை அங்கே இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். இந்தப் படத்தை அவருக்காகத்தான் எடுக்கிறேன்.

இரண்டு நாள் ஷூட் முடிந்தது. இரண்டு நாளும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. அவர்கள் விடியுமுன்னே தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறார்கள். நான் போய்ச் சேர்ந்ததே கடைசி இரண்டு மணி நேரத்துக்குத்தான். கேமராவில் எஸ்-லாக்3 (பிறகு கிரேடு பண்ணுவதற்காகத் தட்டையாகப் பதியும் முறை), சினி இஐ மோடு, பேஸ் ஐஎஸ்ஓ (சென்சாரின் அடிப்படை ஒளியுணர்வு) 800, இஐ (எக்ஸ்போஷர் இண்டெக்ஸ்) 200. எஸ்-லாக்3 என்றால் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூடுதலாக எக்ஸ்போஸ் பண்ண வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்களே, கல்யாணத்தில் அப்படித்தான் செய்கிறேன். மண்டபத்தின் இருட்டு மூலைகூடப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் இல்லாமல் வரும். இங்கேயும் அதையே செய்தேன். சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால். தலையில் துண்டு, அதற்குள்ளே நிழலில் முகம். எல்சிடியில் 709 லட் (தட்டையான லாக் படத்தைச் சாதாரண நிறத்தில் காட்டும் அட்டவணை) போட்டு, முகம் சரியாகத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ரிசால்வில் (கலர் கிரேடிங் மென்பொருள்) போட்டால் உப்பைக் காணோம். அம்பாரம் இருக்கிறது, பாத்தி இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே வெள்ளை. லட்டை எடுத்துவிட்டு வெளிச்ச அளவைக் காட்டுகிற வேவ்ஃபார்ம் வரைபடத்தைப் பார்த்தேன். 94-இல் கோடு போட்ட மாதிரி தட்டையாக நிற்கிறது. கீழே இழுத்தால் வெள்ளைக் காகிதம் சாம்பல் காகிதமாக மாறுகிறது, அவ்வளவுதான்.

ஒரு கிளிப்பைப் போனில் அத்தையிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது என்னப்பா, சுண்ணாம்பா?" என்று கேட்டார். பாத்தியில் காலை வைத்ததுமே உப்பு பருவெட்டா, பொடியா என்று சொல்லிவிடுகிறவர் அவர். அவருக்கே உப்பு தெரியவில்லை என்றால் இந்தப் படத்தில் என்ன இருக்கிறது? அன்றிலிருந்து மனசே சரியில்லை.

பிக்சர் புரொஃபைலே (கேமராவின் நிற, வெளிச்சப் பதிவு அமைப்பு) தப்பா? எஸ்-சினிடோனுக்கோ சினி1-க்கோ மாறினால் வெள்ளை நிற்குமா? எடுத்ததைக் கொஞ்சமாவது காப்பாற்ற முடியுமா? சித்திரை பிறப்பதற்குள் இன்னும் மூன்று நாள் ஷூட் பண்ணலாம் என்றிருக்கிறேன்.

---

மண்டபம் லென்ஸ் எழுதியது:

தம்பி, புரொஃபைல் தப்பில்லை. எஸ்-லாக்3-ஐ விட்டுவிட்டு எஸ்-சினிடோனுக்குப் போனால் வெள்ளைக்கு இடம் இன்னும் குறையும். தப்பு அந்த இஐ 200-இல் இருக்கிறது. கணக்குப் போட்டே காட்டுகிறேன், ஒருமுறை புரிந்துவிட்டால் அப்புறம் எந்த வெயிலுக்கும் பயப்பட வேண்டாம்.

சினி இஐயில் நீங்கள் இஐயை எதற்கு மாற்றினாலும் சென்சார் 800-இல்தான் வேலை செய்யும். 200 என்று வைத்தால் திரை மட்டும் இரண்டு ஸ்டாப் இருண்டு தெரியும். இருட்டாக இருக்கிறதே என்று நீங்கள் ஐரிஸைத் திறப்பீர்கள். பதிவாவது இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம். திரையில் 800இஐ பக்கத்தில் 6.0இ என்று ஒரு எண் வரும், கவனித்தீர்களா? 18 சதவீதச் சாம்பலுக்கு (நடு வெளிச்சத்துக்கு) மேலே எத்தனை ஸ்டாப் இடம் இருக்கிறது என்பதுதான் அது. 200-இல் அது 4.0இ ஆகிவிடும். அந்த நான்குக்குள் உப்பு அடங்கவில்லை.

எஸ்-லாக்3-இல் சாம்பல் 41 ஐஆர்இ (வேவ்ஃபார்மின் அளவு). வெள்ளைக் காகிதம், அதாவது 90 சதவீத வெள்ளை, 61. இரண்டுக்கும் நடுவில் 2.3 ஸ்டாப். அந்தப் பகுதியில் ஸ்டாப்புக்கு ஏறத்தாழ 9 ஐஆர்இ வீதம் ஏறிக்கொண்டே போய் 94-இல் கேமரா முடிகிறது. உலர்ந்த உப்பைக் காகித வெள்ளை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் பின்னால், முகம் துண்டு நிழலில். தரையில் கிடக்கிற உப்பே முகத்துக்கு ரிஃப்ளெக்டராக வேலை செய்வதால் நிழல் ரொம்பக் கறுக்காது. நான் இதே மாதிரி இடத்தில் மீட்டர் வைத்து அளந்திருக்கிறேன், முகம் வெயிலைவிட இரண்டு ஸ்டாப் பக்கம் குறைவாக இருக்கும். இப்போது கூட்டுங்கள். முகத்தைச் சாம்பல் இடத்தில் வைத்தால் உப்பு 2.3-உம் 2-உம் சேர்ந்து 4.3 ஸ்டாப் மேலே. இஐ 800-இல் எடுத்திருந்தால் அது 79 ஐஆர்இ பக்கம் நின்றிருக்கும், இன்னும் ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் மிச்சம். நீங்கள் இன்னொரு இரண்டைக் கூட்டியதால் 6.3. கதவு 6-இல் மூடிவிட்டது.

அந்த "இரண்டு ஸ்டாப் கூடுதல்" அறிவுரை பொய்யில்லை. இருட்டு மூலைகளில் நாய்ஸ் வராமல் இருக்கச் சொன்னது, மண்டபத்துக்குப் பொருந்தும். உப்பளத்தில் இருட்டு எங்கே இருக்கிறது? குடைக்குள்ளேயும் கறுப்புச் சேலை மடிப்பிலும்தான். அங்கே கொஞ்சம் நாய்ஸ் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

சரி, இனி என்ன செய்வது? இஐயை 800-இல் வையுங்கள். ஸீப்ராவில் (அளவைத் தாண்டிய வெளிச்சத்தின் மேல் கோடு காட்டும் வசதி) கீழ் எல்லையை 93+ என்று வைத்துக்கொண்டு முதலில் அம்பாரத்தைப் பாருங்கள், முகத்தைப் பிறகு பாருங்கள். உப்பின் பரப்பில் கோடு ஓடினால் ஐரிஸை மூடுங்கள். உப்புநீர் மேல் மின்னுகிற துளிகளில் மட்டும் கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள். அந்த மினுக்கம் சூரியனின் பிம்பம், எந்தக் கேமராவும் அதைப் பிடிக்காது, பிடித்தாலும் நன்றாக இருக்காது. காப்பாற்ற வேண்டிய வெள்ளை எது, விட்டுவிடலாம் என்கிற வெள்ளை எது என்று ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னும் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் நேரம். நம் கரை 9 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற அந்த நாட்களில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். தரைக்கு முழு வெயில், முகத்துக்குப் புருவ நிழல். இதற்கு மேல் மோசமான வெளிச்சம் உப்பளத்துக்குக் கிடையாது. காலை ஏழரைக்குச் சூரியன் 20 டிகிரி உயரத்தில் இருக்கும். சாய்ந்து விழுவதால், கிடைமட்டமாகக் கிடக்கிற உப்புக்கு அதே வெயிலில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். சூரியனைப் பார்த்து நிற்கிற முகத்துக்கு முழுதாகக் கிடைக்கும். உப்பும் முகமும் ஒரு ஸ்டாப் வித்தியாசத்துக்குள் வந்துவிடும். அதோடு ஒவ்வொரு உப்புக் கல்லுக்கும் பக்கத்தில் அதன் நிழல் விழும். அந்த நிழல்தான் பருவெட்டு, பொடி என்று காட்டுவது. மேலேயிருந்து அடிக்கிற வெயிலில் கல்லின் நிழல் கல்லுக்கடியிலேயே ஒளிந்துகொள்ளும், எக்ஸ்போஷர் எவ்வளவு சரியாக இருந்தாலும் தட்டையாகத்தான் தெரியும்.

விடியுமுன்னே போய்விடுங்கள் தம்பி. அவர்கள் வேலை தொடங்குகிற நேரம்தான் உங்கள் நேரமும்.

---

வடகடல் எழுதியது:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஃபில்டர் பற்றி நான் இரண்டு வார்த்தை சேர்க்கிறேன். எஃப்எக்ஸ்3-இல் உள்ளே என்டி (வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர்) கிடையாது, அதனால் முன்னால் வேரியபிள் என்டிதான் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது இரண்டு போலரைசர் சேர்ந்தது. சுழற்றும்போது வெளிச்சம் மட்டும் குறைவதில்லை, தண்ணீர் மேலே உள்ள பளபளப்பும் கூடிக் குறையும். தனுஷ்கோடியில் ஒரு தடவை எனக்குக் கடல் முழுக்கச் சேறு மாதிரி வந்துவிட்டது. பெண்கடல் (பாக் விரிகுடா) பக்கம் தண்ணீர் அவ்வளவு அமைதியாகக் கண்ணாடி போலக் கிடந்தது, அந்தக் கண்ணாடியை ஃபில்டர் தின்றுவிட்டது. உப்புப் பாத்தியிலும் அதேதான் நடக்கும். நீர் நிற்கிற பாத்தியில் வானம் தெரியாவிட்டால் அது வெறும் களிமண் குழி.

நிலையான என்டி வாங்குங்கள். வெயிலில் ஐஎஸ்ஓ 800, 1/50, எஃப்8 என்றால் 6 ஸ்டாப் வேண்டும், அதாவது என்டி64. எஃப்5.6 வேண்டுமென்றால் இன்னும் ஒரு ஸ்டாப், என்டி128. அகச்சிவப்பையும் தடுக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கறுப்புக் குடை பழுப்பாகத் தெரியும்.

அப்புறம், கச்சான் காற்று (மேல்காற்று) தொடங்கிவிட்டால் அரை மணிக்கு ஒருமுறை ஃபில்டரைப் பாருங்கள். உப்புப் படலம் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு வெள்ளையைச் சுற்றியும் புகை மாதிரி கசியும். ஹைலைட் போய்விட்டது என்று நான் ரொம்ப நாள் கேமராவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது இதற்குத்தான். உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், உப்புத்தூள் கண்ணாடியில் கோடு போட்டுவிடும். முதலில் ஊதுகுழாயால் ஊதி, பிறகு பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள்.

---

டிஐ மேசை எழுதியது:

ஊர் தொண்டி, வேலை சென்னையில் கலர் கிரேடிங். எடுத்ததைக் காப்பாற்ற முடியுமா என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் பரேட் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள், லட் எதுவும் இல்லாமல். மூன்றும் ஒரே இடத்தில் தட்டையாக நின்றால் அங்கே ஒன்றுமே பதியவில்லை. எந்தச் சக்கரத்தைச் சுழற்றினாலும் வராது. ரிசால்வில் ஹைலைட் ரெகவரி என்று ஒன்று இருக்கிறதே என்று தேடாதீர்கள். அது ரா (சென்சார் தந்தபடியே பதிந்த) ஃபுட்டேஜுக்கானது. எஃப்எக்ஸ்3 கார்டில் ரா பதிவதில்லை, எச்டிஎம்ஐ வழியாக வெளி ரெக்கார்டருக்குத்தான் போகும்.

ஆனால் எல்லா ஷாட்டும் அப்படி இருக்காது. அம்பாரம் கூம்பாகத்தானே இருக்கும்? சூரியனுக்கு முதுகு காட்டுகிற சரிவில் உப்பு நிச்சயம் உயிரோடு இருக்கும். அங்கே 70, 75-இல் விவரம் இருந்தும் திரையில் வெள்ளையாகத் தெரிகிறது என்றால் உங்கள் லட்தான் அதைத் தின்கிறது. நிறையப் பேர் முதல் நோடிலேயே (கிரேடிங்கின் ஒரு படி) லட்டைப் போட்டுவிட்டு, அதற்குப் பின்னால் உட்கார்ந்து வெள்ளையைக் கீழே இழுக்கிறார்கள். லட் மேலே உள்ளதை வெட்டிவிட்ட பிறகு இழுத்து என்ன பயன்? லட்டுக்கு முந்தைய நோடில் எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப் இறக்குங்கள். நீங்கள் கூட்டியது இரண்டு, கழிப்பதும் இரண்டு. அதற்குப் பிறகு எது மிஞ்சுகிறது என்று பாருங்கள். பாதி ஷாட்டுகளாவது திரும்பி வரும் என்று நம்புகிறேன்.

முழுசாகப் போன இடத்தைச் சாம்பலாக்காதீர்கள். சாம்பல் உப்பு பார்க்கிறவருக்கு அழுக்கு உப்பாகத் தெரியும். வெள்ளையாகவே விட்டுவிட்டு, அது தொடங்குகிற விளிம்பை மட்டும் மெதுவாக வளைத்து இறக்குங்கள். அந்த விளிம்பில் மஞ்சளோ இளஞ்சிவப்போ கசிந்தால் ஹைலைட்டில் நிறச்செறிவைக் குறைத்துவிடுங்கள். கொஞ்சம் கிரெயின் (ஃபிலிம் மாதிரிப் பொடிப்புள்ளி) சேர்த்தால் தட்டை அவ்வளவாக உறுத்தாது. ஷாட்டின் கனம் முகத்தில் இருந்தால் இது போதும். உப்புதான் ஷாட் என்றால் திரும்ப எடுத்தே ஆக வேண்டும்.

---

கீழக்கரை கேண்டிட் எழுதியது:

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என்னிடம் ஏ7 III தான். 8 பிட். நானும் எஸ்-லாக்3 வைத்துத்தான் கடற்கரையில் எடுக்கிறேன். வானத்தில் பட்டை பட்டையாக வருகிறது. நீ (Knee, அதிக வெளிச்சத்தை அமுக்கும் வசதி) செட்டிங்கில் வைத்துக்கொண்டு சாதாரண புரொஃபைலில் எடுத்தால் சரியாகுமா?

---

மண்டபம் லென்ஸ் எழுதியது:

8 பிட்டில் எஸ்-லாக்3 வேண்டாம். அவ்வளவு நீளமான வளைவை 256 படிக்குள் அடைத்துவிட்டுப் பிறகு இழுத்து நீட்டினால் வானம் படிக்கட்டாகத்தான் தெரியும். பிபி5-இல் (பிக்சர் புரொஃபைல் 5) உள்ள சினி1-க்குப் போங்கள். அதுவும் சினி2-உம் சோனியின் பெரிய கேமராக்களில் இருந்த ஹைப்பர் காமா என்ற வெளிச்ச வளைவுதான். சினி1-க்கு இணையானது எச்ஜி4609ஜி33. அந்தப் பெயரிலேயே எல்லாம் இருக்கிறது: 460 சதவீத ரேஞ்ச், உச்சம் 109, சாம்பல் 33. சினி2 என்றால் 4600ஜி30, உச்சம் 100-இல் நிற்கும். கிரேடிங் பண்ணாமல் அன்றே கொடுக்கிற வேலைக்கு சினி2 வசதி. இரண்டிலும் சாம்பல் கீழே இருக்கிறது பாருங்கள், முகத்தைக் கொஞ்சம் இருட்டாக வைக்கத்தான் அது சொல்கிறது. முகத்தை ஏற்றினால் வெள்ளைக்கான இடத்தை நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள்.

நீ (Knee) செட்டிங்கைப் பொறுத்தவரை, அது தொடங்குகிற புள்ளியை 75-இல் வைக்காதீர்கள். நம் ஆட்கள் வெயிலில் வேர்த்து நிற்கும்போது நெற்றியும் கன்ன எலும்பும் அந்த இடத்துக்கு வரும். அந்த செட்டிங் அங்கேயே அமுக்கத் தொடங்கினால் தோல் மெழுகு பூசின மாதிரி ஆகிவிடும். முகத்தின் மினுக்கத்துக்கு மேலே, 85-க்குக் கீழே போகாமல் வையுங்கள்.

---

உப்புக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடியும் போய்விட்டு வந்தேன். நான்கரைக்கே போய்விட்டேன், இருட்டில் டார்ச்சோடு வாரிக்கொண்டிருந்தார்கள்.

ஏழேகாலிலிருந்து ஏழே முக்கால் வரை அண்ணன் சொன்ன மாதிரி சூரியனை என் முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தேன். இஐ 800. முகம் 40 பக்கம், உப்பு 50-க்கும் 58-க்கும் நடுவில். வேவ்ஃபார்மில் முதல் தடவையாக உப்பு கோடாக இல்லாமல் புல் முளைத்த மாதிரி தெரிந்தது, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். மேலே 94-இல் அங்கங்கே பொட்டு பொட்டாக நீரின் மினுக்கம் மட்டும், அதை விட்டுவிட்டேன். பலகையால் பாத்தியில் இழுக்கும்போது உப்பு மடிந்து மடிந்து வருகிறதல்லவா, அந்த மடிப்பின் நிழல் பக்கம் லேசான நீலமாக இருக்கிறது. இத்தனை வருடம் அங்கே போய் வந்தும் அதை நான் கவனித்ததே இல்லை.

பத்து மணிக்கு வேண்டுமென்றே முதல் நாள் எடுத்த அதே எதிர்வெயில் ஷாட்டை எடுத்துப் பார்த்தேன். உப்பு 78-இலிருந்து 80. கணக்கு அப்படியே வந்தது. முகம் திரையில் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தாலும் கிரேடில் தூக்கியபோது சுத்தமாக இருந்தது. வேரியபிள் என்டியைக் கழற்றிவிட்டு ஒரு நண்பரிடம் என்டி64 வாங்கிப் போனேன், பாத்தியில் வானம் தெரிகிறது.

பழைய ஃபுட்டேஜில் டிஐ மேசை அக்கா சொன்னபடி லட்டுக்கு முன்னால் இரண்டு ஸ்டாப் இறக்கினேன். முப்பத்தொரு ஷாட்டில் பதினெட்டு தேறியது. அம்பாரத்தின் மறுசரிவு அப்படியே திரும்பி வந்துவிட்டது. போனது போனதுதான் என்று மற்றவற்றை ஒதுக்கிவிட்டேன்.

ராத்திரி லேப்டாப்பில் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். ஒரு பாத்தியைக் காட்டி, "இதை இன்னும் ரெண்டு நாள் விட்டு வாரியிருக்கணும், கல்லு இன்னும் விளையல" என்றார்.

தலைச்சுமையோடு அம்பாரத்தின் மேல் ஏறுகிற ஷாட் மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. ஆள் மேலே போகப் போக முகம் வானத்துக்கு எதிரே வந்துவிடுகிறது. சனிக்கிழமை விடியலில், சூரியன் வருவதற்கு முந்தைய அந்தப் பத்து நிமிட வெளிச்சத்தில் முயன்று பார்க்கப் போகிறேன். அந்த நேரத்துக்கும் பேஸ் 800 போதுமா, 12800-க்குப் போக வேண்டியிருக்குமா என்று யாராவது எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

மண்டபம் லென்ஸ் எழுதியது:

800-லேயே இருங்கள் தம்பி. என்டியைக் கழற்றிவிட்டு எஃப்2.8-க்கு வாருங்கள், சூரியன் எழுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அனேகமாகப் போதும். அதற்கும் முந்தைய, டார்ச் வெளிச்சத்தில் வாருகிற ஷாட்டுகளுக்கு 12800-ஐ வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் டார்ச் படுகிற உப்பின் மேல் ஸீப்ரா ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.